வாசிக்காத வாத்தியம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தபோது பழைய வாத்தியங்களைப் பராமரித்தது பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து படிக்கிறேன். சமீபத்தில் நானும் அப்படி ஓர் இடத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் வயலின்கள், பியானோவுக்கு முந்தைய கம்பி வாத்தியமான ஹார்ப்சிகார்ட், மரக்குழல்கள். எதிலும் சத்தமில்லை. எங்கே திரும்பினாலும் 'தொடாதீர்கள்' என்று அட்டை. வாசிக்காத வாத்தியம் பிணம்தானே? வாசிக்க வாசிக்கத்தான் மரம் பேசும் என்று வித்வான்கள் சொல்வதில்லையா?

இதைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. காலமான என் பெரியப்பா சேர்த்துவைத்த வாத்தியங்கள் எங்களிடம் இருக்கின்றன. இரண்டு வீணைகள், ஒரு கால்மிதி ஹார்மோனியம், மரக் கிளாரினெட், சில குழல்கள், ஒரு வயலின். வீட்டின் முன்பகுதியை அருங்காட்சியகமாக்க விரும்புகிறோம். எல்லாவற்றையும் பழுதுபார்த்து, சுருதி சேர்த்து, மாதம் ஒரு கச்சேரி வைக்கலாம் என்று திட்டம். சரிதானா?

அன்புடன்,
ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அவசரமான பதில். ஆசாரியையோ ட்யூனரையோ வரச்சொல்லியிருந்தால் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

'மரம் பேசும்' என்ற நம்பிக்கை எல்லா நாட்டு வித்வான்களிடமும் இருக்கிறது. அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகமும் அங்குள்ள பல்கலைக்கழக ஒலியியலாளர்களும் சேர்ந்து, ஒரே கைவினைஞர் ஒரே மரத்தில் இரட்டைப் பிள்ளைகளைப்போலச் செய்த இரண்டு வயலின்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மற்றதைத் தொழில்முறைக் கலைஞர் ஒருவர் தொடர்ந்து வாசித்தார். மூன்று வருடம் கழித்துக் கேட்டுப் பார்த்தபோதும் அளந்து பார்த்தபோதும் குறிப்பிடும்படி வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இரண்டே வயலின்களை வைத்து உலகத்து வாத்தியங்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் வாசிக்காவிட்டால் வாத்தியம் செத்துவிடும் என்று அடித்துச் சொல்வதற்கு ஆதாரம் போதாது.

வாசித்தால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். மரக்குழலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதும்போது வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே போகிறது. உள்சுவர் ஈரத்தை இழுத்து உப்பப் பார்க்கும். வெளிச்சுவர் காய்ந்தபடியே இருக்கும். இருநூறு வருடமாக வறண்டு கிடந்த மரம் இந்த இழுபறியைத் தாங்காமல் நீளவாக்கில் விரிசல் விட்டுவிடும். தலைமூட்டில், அதாவது ஊதும் துளை உள்ள மேல்துண்டில், முடி போன்ற ஒரு கோடு தெரிந்தால் கதை முடிந்தது. அதை ஒட்டலாம், மறைக்கலாம். விரிசல் இல்லாத குழலாக மட்டும் திரும்ப ஆக்க முடியாது. கம்பி வாத்தியங்களில் சேதத்தைச் செய்வது இழுவிசை. ஒரு ஹார்ப்சிகார்டின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து சில நூறு கிலோ எடைக்குச் சமமாக அதன் மெல்லிய மரச்சட்டத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கும். பெட்டி முறுக்கிக்கொண்டுவிட்ட பழைய ஹார்ப்சிகார்டுகள் நிறைய உண்டு.

இதனால் அருங்காட்சியகங்கள் எதையுமே வாசிப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். இத்தாலிய வயலின் மேதை பாகனினி தன் வயலினை ஜெனோவா நகருக்கு எழுதிவைத்தார். 1743இல் குவார்னேரி என்ற கைவினைஞர் செய்தது. அதை இன்றும் எடுத்து வாசிக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்த 'மெசையா' வயலின் இருக்கிறது. அதை வாசிப்பதில்லை. ஏறக்குறைய புதிதுபோலவே மிஞ்சியிருக்கும் ஸ்ட்ராடிவாரி அது ஒன்றுதான். பின்னால் வரும் வயலின் ஆசாரிகள் பார்த்து அளந்துகொள்ளட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதே ஆக்ஸ்ஃபோர்டில் பேட் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தவர், வாத்தியங்கள் கற்பித்தலுக்குப் பயன்பட வேண்டும், அவற்றைக் கவனிக்கத் தனியாக நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டே கொடுத்தார். ஒரே ஊரில் இரண்டு கொள்கைகள். இரண்டுமே சரிதான் என்பேன். ஏனென்றால் வாத்தியங்கள் வேறு.

2022இல் அமெரிக்கப் பாடகி லிஸ்ஸோ, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கும் படிகக் கண்ணாடிக் குழலை மேடையில் ஊதினார். பாரிஸில் குளோட் லாரன் செய்து, 1813இல் அதிபர் ஜேம்ஸ் மேடிசனுக்குக் கொடுத்த குழல் அது. பெரிய சர்ச்சையானது. சரித்திரச் சின்னத்தைப் பாப் பாடகி எப்படித் தொடலாம் என்று கூச்சல். அந்தக் கூச்சலில் குழல் எதனால் ஆனது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. கண்ணாடி மரம்போல மூச்சின் ஈரத்தைக் குடித்து உப்பாது. விழுந்தால்தான் ஆபத்து, அதற்கு நூலகத்தார் கூடவே இருந்தார்கள். அதே வயதுள்ள ஒரு மரக்குழலை அப்படிக் கொடுத்திருந்தால் நானும் கூச்சல் போட்டிருப்பேன்.

இரவல் கொடுத்துக் கெட்ட கதையும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஹாலிவுட் படத்துக்காக மார்ட்டின் கிட்டார் அருங்காட்சியகம் 1870களின் கிட்டார் ஒன்றை இரவல் கொடுத்தது. உடைக்கும் காட்சி வருவதற்குள் அதை எடுத்துவிட்டு நகலைக் கொடுக்க வேண்டும். மாற்றவில்லை. நடிகருக்கும் விஷயம் தெரியாது, ஓங்கி அடித்துவிட்டார். இனிமேல் சினிமாவுக்கு வாத்தியம் கிடையாது என்று அருங்காட்சியகம் கதவைச் சாத்திக்கொண்டது. நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், இன்னும் கொஞ்சம் கெட்ட வார்த்தைகளோடு.

சரி, உங்கள் கடிதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். பழைய வாத்தியத்தை வாசித்தால் பழைய சத்தம் கேட்கும் என்று நினைக்கிறீர்கள். நான் ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான். இன்று மேடையில் ஒலிக்கும் முந்நூறு வருட வயலின்களில் பெரும்பாலானவற்றின் கழுத்தை மாற்றியிருக்கிறார்கள், அதன் சாய்வைக் கூட்டியிருக்கிறார்கள், உள்ளே மேல்பலகையைத் தாங்கும் பாஸ் பட்டை என்ற மரத்துண்டைக் கழற்றித் தடித்ததாக வைத்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19இலும் அரங்கம் பெரிதாகி, சத்தம் கூடுதலாக வேண்டியிருந்ததால் செய்த மாற்றங்கள் இவை. ஸ்ட்ராடிவாரி கேட்ட சத்தம் அது அல்ல. பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்டோஃபோரியின் கையால் ஆன பியானோக்கள் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. 1720இல் செய்தது நியூயார்க்கில், 1722 ரோமில், 1726 லைப்சிக்கில். நியூயார்க்கில் இருப்பதை மட்டும் வாசிக்கலாம். வாசிக்கும்படி ஆக்குவதற்காக அடுத்தடுத்துப் பழுதுபார்த்ததில் ஒலிப்பலகையே மாறிப்போனது. கிறிஸ்டோஃபோரியின் காதில் விழுந்தது என்ன என்று அதைக் கேட்டு இனிச் சொல்ல முடியாது. புழு அரித்த ரோம் பியானோ ஒரு ஸ்வரமும் தராது. ஆனால் வேலை செய்யாத பியானோக்களைப் பிரித்து அளந்துதான் இன்றைய ஆசாரிகள் நகல் செய்கிறார்கள். பழைய சத்தத்துக்கு அந்த நகல்கள்தான் கிட்டே போகின்றன.

இது புதிய யோசனையும் இல்லை. பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகம் 1877இல் தொடங்கியது. முந்தைய வருடம் கல்கத்தாவிலிருந்து சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய அரசருக்கு அனுப்பிய ஏறத்தாழ நூறு இந்திய வாத்தியங்கள் அதன் முதல் சேகரிப்பில் உண்டு. முதல் காப்பாளர் விக்டர் மாயோன், ஊது வாத்தியம் செய்யும் குடும்பத்துக்காரர். மூல வாத்தியம் ஊதத் தாங்காது என்றால் அதைப்போல ஒன்று செய்து கச்சேரியில் ஊதவைப்பார். வாத்தியங்களை அவர் நான்கு வகையாகப் பிரித்ததும் நம் நாட்டிய சாஸ்திரத்தின் நரம்பு, துளை, தோல், கஞ்சம் (தாளம் போன்ற உலோக வாத்தியங்கள்) என்ற நான்கை ஒட்டித்தான். அதை விரித்து 1914இல் இசை ஆய்வாளர்கள் ஹோர்ன்போஸ்டலும் சாக்ஸும் எண்கள் கொடுத்து வகுத்த முறைதான் இன்று உலகம் முழுக்க இசைக்கருவிப் பதிவேடுகளில் இருக்கிறது. உங்கள் பதிவேட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியைப் பதிந்துவைப்பது இன்னொரு வழி. ஸ்ட்ராடிவாரியின் ஊரான இத்தாலியின் கிரெமோனாவில் 2019 தொடக்கத்தில் சில பழைய வாத்தியங்களின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிந்தார்கள். கல் பாவிய தெருவில் வண்டி போனாலும் குதிகால் செருப்புச் சத்தம் கேட்டாலும் மைக்கில் விழுகிறது என்று அருங்காட்சியகத்தைச் சுற்றிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். சத்தம் போடாதீர்கள் என்று மேயரே ஊரைக் கேட்டுக்கொண்டார். ஊரே ஒத்துழைத்தது.

இனி உங்கள் முன்னறைக்கு வருவோம். ஆசாரியை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் அந்த வீணைகள். வீணையின் இருபத்து நான்கு மெட்டுகளும், அதாவது கம்பியை அழுத்தி வாசிக்கும் உலோகப் பட்டைகளும், மெழுகில் பதிந்திருக்கும். வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும், வித்வான்கள் அவ்வப்போது புது மெழுகு வைத்துக் கட்டிக்கொள்வார்கள். வாசிக்கும் வீணைக்கு அது சாதாரண வேலை. உங்கள் பெரியப்பாவின் வீணையில் பழைய மெழுகு அப்படியே இருந்தால் கதை வேறு. அந்தக் கறுத்த மெழுகில் மெட்டு உட்கார்ந்திருக்கும் பள்ளங்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பது அங்கே பதிந்திருக்கிறது. ஆசாரி வந்தால் நல்ல மனசோடு அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுவார்.

ஹார்மோனியமும் இப்படித்தான். காற்றில் அதிர்ந்து ஒலி தரும் அதன் பித்தளை நாக்குகளின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அரத்தின் கீறல்கள் தெரியும். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். மேற்கத்திய 'ஏ' ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்பது 1939இல்தான் உலகப் பொது அளவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் இடத்துக்கு இடம் அளவு வேறு. பிரான்ஸ் 1859இலேயே 435 என்று சட்டம் போட்டிருந்தது. உங்கள் பெட்டி பழையதென்றால் அது எந்தச் சுருதியில் பிறந்தது என்பதற்கு அந்த நாக்குகளே சாட்சி. 440க்குக் கொண்டுவர இன்று ஒரு சுரண்டு சுரண்டினால் சாட்சி போயிற்று. மாதக் கச்சேரிக்கு வேறொரு ஹார்மோனியம் வாங்கிக்கொள்ளலாம்.

வயலினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த ரகம் என்றால், நல்லவராகப் பார்த்துச் சரிசெய்து தாராளமாக வாசியுங்கள். பசை விட்டிருந்தால் மட்டும் வெள்ளைப் பசை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெந்நீரில் கரையும் விலங்குப் பசைதான் வேண்டும். நாளைக்கு வேறொருவர் திறக்க வேண்டியிருந்தால் மரம் பிய்யாமல் திறக்கும். கம்பியை முழுக்கத் தளர்த்தவும் வேண்டாம். உள்ளே ஒட்டாமல், கம்பியின் அழுத்தத்தில் நிற்கும் ஒலித்தூண் என்ற சிறு குச்சி சாய்ந்துவிடும்.

அப்புறம், அருங்காட்சியகம் நடத்துவது என்றால் கச்சேரி, திறப்புவிழா, பலகை என்று தோன்றும். உண்மையில் தினசரி வேலை ஈரப்பதமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது. ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், ஏறி இறங்காமல் இருப்பது. பார்வையாளர் வரும் நேரத்தில் ஏசியைப் போட்டு ராத்திரி அணைத்துவிடுவதைவிட ஏசியே இல்லாமல் இருக்கலாம். காலையில் வாத்தியத்துக்குக் கீழே மாவு சலித்ததுபோல் சிறு குவியல் கிடந்தால் உள்ளே வண்டு வேலை செய்கிறது. மருந்து அடிக்காதீர்கள், வாத்தியத்தைப் பாலித்தீனில் பொதிந்து மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள். பிராணவாயு இல்லாத உறையில் வைத்தோ ஆழக் குளிரூட்டியோ பூச்சியைக் கொல்லும் வசதி பெரிய அருங்காட்சியகங்களின் பாதுகாப்புக்கூடங்களில் உண்டு. எழுதிக் கேட்டால் வழி சொல்வார்கள். தந்தம், ஆமையோடு, உடும்புத்தோல் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வனத்துறையிடம் கேட்காமல் விற்கவோ வெளியே அனுப்பவோ வேண்டாம்.

வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அதற்கு ஒரு மேசை போடுங்கள். புதுக் குழல் இரண்டு, புது வீணை ஒன்று, குறுக்கே வெட்டிய வயலின் ஒன்று. குழந்தைகள் அந்த மேசையை விட்டு நகர மாட்டார்கள், பெரியவர்களும்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கும் பொறுமை அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு வருகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதை உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிவு செய்யலாம். அதற்கு முன் ஒவ்வொரு வாத்தியத்தையும் நாலு பக்கமும், உள்ளேயும், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். வீணைகளுக்கு மேரு (கம்பிகள் தொடங்கும் மேல்முனைத் தாங்கி) முதல் குதிரை (குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) வரை ஒவ்வொரு மெட்டின் தூரத்தையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். பெரியப்பா எதை யாரிடம் வாங்கினார் என்று தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். துடைப்பதென்றால் காய்ந்த மென்தூரிகை போதும், எண்ணெயும் பாலிஷும் வேண்டவே வேண்டாம். படங்களும் அளவுகளும் வந்த பிறகு, கிளாரினெட்டையும் குழல்களையும் பற்றித் தனியாக எழுதுகிறேன்.