ஏர்பேக் விளக்கு அணையவில்லை, ஹாரனும் சரியாக அடிப்பதில்லை. எதை மாற்ற வேண்டும்?

நீங்கள் சொல்லும் இரண்டும் சேர்ந்து வந்தால் என் முதல் சந்தேகம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் மேல்தான். உள்ளே தட்டையான ரிப்பன் வயர் ஒன்று சுருண்டிருக்கும். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின் இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஊட்டியில் இருந்துகொண்டு கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி இறங்கி ஏறினால், பாவம், அதற்கும் வேலை அதிகம்.

ஆனால் உடனே பாகம் வாங்க வேண்டாம். ஏர்பேக்கின் பிழைக் குறியீட்டைப் (code) படிக்கும் ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஓட்டுநர் பக்க ஏர்பேக் சர்க்யூட் என்று வந்தால் சந்தேகம் வலுக்கும். சீட்டுக்கு அடியில் கனெக்டர் தளர்ந்தாலும் இதே விளக்கு எரியும்.

மாற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஏர்பேக்கில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது, வெடிக்கலாம். முன்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். புதுப் பாகம் நடுநிலையில் பூட்டியே வரும். மாட்டும் முன் அதைச் சுழற்றிவிட்டால், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது ரிப்பன் அறுந்துவிடும். அப்புறம் ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும்.

அதுவரை ஏர்பேக் விரியும் என்று நம்பி மலை இறங்காதீர்கள்.