தம்பியின் பேண்டு வாத்தியக் குழுவுக்கு அக்காவின் ஆரம்

கேள்வி (2025 நவம்பர்): எனக்கு 41 வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, கைக்கு 24,000 ரூபாய் வருகிறது. நான் வீட்டிலேயே தைத்து மாதம் ஆறேழாயிரம் பார்ப்பேன். என் தம்பி பேண்டு மாஸ்டர். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படிக்கும் 28 பிள்ளைகளை வைத்து ஒரு பேண்டு குழு நடத்துகிறான். பத்தாவது படிக்கும் என் மகன் அதில் சைடு டிரம். சரியாகப் பேசவே கூச்சப்படுகிற பையன், டிரம்மை மாட்டிக்கொண்டால் நெஞ்சு நிமிர்ந்து நிற்கிறான்.

முன்பெல்லாம் விளையாட்டு விழா, சுதந்திர தினம், குடியரசு தினம் என்று பள்ளிகள் கூப்பிட்டுப் பணம் கொடுத்தன. கொரோனாவுக்குப் பிறகு ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு அணிவகுப்பை முடித்துவிடுகிறார்கள். ஊர்த் திருவிழாவுக்குச் செண்டை மேளம் வந்துவிட்டது. தம்பி படுகிற கஷ்டத்தைப் பார்க்க முடியாமல் 2021 டிசம்பரில் என் 4 பவுன் ஆரத்தையும் 3 பவுன் வளையலையும் ஒரு தனியார் ஃபைனான்ஸில் வைத்து ஒரு லட்சம் கொடுத்தேன். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை. ஒவ்வொரு டிசம்பரிலும் அதே நகையைக் கூடுதல் கடனுக்கு மாற்றி வைத்து, கையில் வருவதை அவனுக்கே கொடுக்கிறேன். கடன் 1,40,000, 2,00,000 என்று ஏறி, இப்போது 2,80,000. அடுத்த மாதம் 3,60,000 தருகிறார்களாம். கேட்டால் நாலரை லட்சம்கூடக் கிடைக்குமாம். கூடுதலாக வரும் 80,000இல் சீருடைக்கு 50,000 தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மீதி 30,000ஐ டிஜிட்டல் கோல்டில் (செல்போன் ஆப்பில் வாங்கும் தங்கம்) போடலாமா? வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மாதம் 3,000க்கு எஸ்ஐபியும் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) தொடங்கலாம் என்று நினைக்கிறேன். தேசிய அளவில் பேண்டு போட்டியில் ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. என் மகளிர் குழுவில் என் பெயரில் ஒரு கடன் எடுத்துத் தரச் சொல்லியும் கேட்கிறான். கணவர் இன்னும் கடன் ஒரு லட்சம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பதில்: அம்மா, அடகு என்றால் என்ன, வட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேண்டை நிறுத்துங்கள் என்றும் சொல்லமாட்டேன். கூச்சப்படுகிற பிள்ளை நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் காசு கொடுத்து எந்த டியூஷனிலும் வாங்க முடியாது. என் கவலை ஒன்றே ஒன்றுதான்: டிசம்பர் தோறும் மாற்றி வைக்கிற பழக்கம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். 2021இல் ஒரு லட்சம் முழுதாகக் கைக்கு வந்தது. 2022இல் 1,40,000 ஆக்கினீர்கள். கூடிய 40,000இல் 18,000 வட்டிக்குப் போக, கைக்கு வந்தது 22,000. 2023இல் 60,000 கூடியது. அதில் 25,200 வட்டி, கைக்கு 34,800. 2024 டிசம்பரில் 80,000 கூடியது. வட்டி 36,000 போக 44,000. ஆக, நான்கு தடவையும் சேர்த்துத் தம்பியின் கைக்குப் போனது சுமார் 2 லட்சம். வட்டியாகப் போனது 79,200. அந்த வட்டியில் ஒரு ரூபாயைக்கூட உங்கள் பர்சிலிருந்து எடுத்துக் கட்டவில்லை, அதனால்தான் வலிக்கவில்லை. புதுக் கடன் பழைய வட்டியைக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

இது எப்படி நான்கு வருடம் ஓடியது? பவுன் விலை ஏறியதால்தான். 2021 டிசம்பரில் பவுன் 40,000க்கும் கீழே. 2025 அக்டோபரில் 90,000ஐத் தாண்டியது. அதே ஆரம், அதே வளையல், வருடா வருடம் அதிகப் பணம் தருகிறது. பார்க்கிறவர்களுக்கு நகை சம்பாதித்துக் கொடுப்பது போலத் தெரியும். ஆனால் ஏறியது உங்கள் நகையின் மதிப்பு. அது ஏற ஏற நீங்கள் எடுத்துக்கொண்டதெல்லாம் கடன். விலை ஒரு வருடம் படுத்துவிட்டால், மாற்றி வைக்கப் போகிற அன்று வட்டியைக் கையிலிருந்து கட்டச் சொல்வார்கள். முடியாவிட்டால் ஏல நோட்டீஸ்தான். விலை படுக்காவிட்டாலும் விதி மாறுகிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகள் 2026 ஏப்ரலுக்குள் நடைமுறைக்கு வர வேண்டியவை. அவற்றின்படி, மொத்தமாகக் கடைசியில் கட்டுகிற நகைக்கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்க முடியும்.

அடுத்த மாதக் கணக்கிலும் ஒரு தப்பு இருக்கிறது. 3,60,000 ஆக்கினால் 80,000 கைக்கு வரும் என்று நினைக்கிறீர்கள். வராது. 2,80,000க்கு ஒரு வருட வட்டி 50,400. அது போக 29,600தான் மிஞ்சும். சீருடைக்கே போதாது, அப்புறம் டிஜிட்டல் கோல்டுக்கு ஏது? அப்படியே பணம் மிஞ்சினாலும் அதைத் தொடாதீர்கள். தங்கத்தை அடகு வைத்து 18 சதவீதத்துக்குக் கடன் வாங்கி, அதில் 3 சதவீதம் ஜிஎஸ்டி கொடுத்து, செல்போனுக்குள் தங்கம் வாங்க வேண்டுமா? டிஜிட்டல் கோல்டு தன் கட்டுப்பாட்டின் கீழ் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. எஸ்ஐபி நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் 18 சதவீதக் கடன் தலைக்கு மேல் நிற்கும்போது, அதைவிட அதிகமாக எஸ்ஐபி தரும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். அந்த 3,000 ரூபாய்க்கு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

தம்பி சொல்லும் போட்டிக்கு வருவோம். தேசியப் பள்ளி பேண்டு போட்டியை மத்தியப் பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து நடத்துகின்றன. அது பள்ளிக் குழுக்களுக்கானது. உங்கள் தம்பியின் குழுவில் இருப்பதோ பல பள்ளிப் பிள்ளைகள். எப்படியோ ஒரு பள்ளியின் பெயரில் போய், மண்டலம் தாண்டி, டெல்லியில் முதலிடமே வாங்கினாலும் பரிசுப் பணம் ஒரு குழுவுக்கு 21,000 ரூபாய். பிள்ளைகளுக்கு அது பெரிய பெருமை, கண்டிப்பாக முயலட்டும். ஆனால் உங்கள் கடனுக்கு ஒரு வருடம் ஏறும் வட்டியில் பாதிக்குக்கூட அந்தத் தொகை வராது.

வெளிநாட்டில் இதையெல்லாம் அரசாங்கமே நடத்துகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் டிரம் கோர் என்கிற இளைஞர் அணிவகுப்புக் குழுக்கள் உண்டு. உங்கள் மகன் யூடியூபில் பார்த்திருக்கலாம். அவை பெரும்பாலும் லாப நோக்கமில்லாத அமைப்புகள். வாசிக்கிற பிள்ளைகளே ஒரு கோடைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கட்டித்தான் சேர்கிறார்கள். அப்படியும் 1934இல் தொடங்கிய ‘தி கேடட்ஸ்’ என்கிற புகழ்பெற்ற குழு, வழக்குச் செலவைத் தாங்க முடியாமல் 2024இல் மூடப்பட்டது. இப்படி ஒரு குழுவைத் தாங்குவது ஒரு வீட்டின் நகையால் ஆகிற காரியம் இல்லை.

எனக்கு இதில் மிகவும் வருத்தமான விஷயம் எது தெரியுமா? குழுவில் 28 பிள்ளைகள். மற்ற 27 வீட்டுக்கும் குழு கஷ்டத்தில் இருப்பதே சரியாகத் தெரியாது. டிரம்முக்குத் தோல் கிழிந்தால் புதுத் தோல் வந்துவிடுகிறது. வேன் வாடகை யாரோ கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிகள் பணம் கொடுப்பதை நிறுத்தியபோதே பெற்றோர்கள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அந்தப் பேச்சு நடக்கவே இல்லை, ஏனென்றால் நீங்கள் ஆரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் பாசம்தான் குழுவின் கஷ்டத்தை எல்லார் கண்ணிலிருந்தும் மறைத்திருக்கிறது. தம்பிக்கும் புதிதாகப் பள்ளிகளைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் வரவில்லை.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். இன்று உங்கள் கடனுக்கு மாத வட்டி 4,200 ரூபாய். அதை 28 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 150. ஒரு குழுவே கூடிக் கொடுத்திருக்க வேண்டிய தொகை உங்கள் ஒருவர் தலையில் வட்டியாக ஓடுகிறது. அந்த 4,200 வருடத்துக்கு 50,400 ஆகும். தம்பி கேட்கிற சீருடைப் பணமும் ஏறக்குறைய அதே அளவுதான்!

மாதம் 150 எல்லாராலும் கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கூலி வேலைக்குப் போகிற நாலைந்து வீட்டுக்கு மற்றவர்கள் பத்து இருபது கூடப் போட்டுச் சரிக்கட்டலாம். எப்படி நடத்துவது என்று உங்கள் ஊருக்கு வெளியாள் வந்து சொல்லித்தர வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989இல் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது உங்கள் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தது, 2004இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஊக்குநர், பிரதிநிதி, தீர்மான நோட்டு, மாதச் சந்தா எல்லாம் உங்களுக்குப் பழகியவை. அதையே பேண்டுக்கும் செய்யுங்கள். இரண்டு பெற்றோர் பெயரில் கூட்டுக் கணக்கு, வரவு செலவுக்கு ஒரு நோட்டு. மாஸ்டர் கையில் பணம் இருக்க வேண்டாம். தம்பி நேர்மையானவராகவே இருக்கட்டும். நோட்டு இருந்தால் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. உங்கள் பணத்தில் வாங்கிய டிரம், டிரம்பெட், கீபோர்டு எல்லாவற்றையும் அந்த நோட்டில் எழுதுங்கள். குழு ஒருநாள் கலைந்தால் அவற்றை விற்றுவரும் பணம் உங்களுக்கு வர வேண்டும் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மகளிர் குழுவில் உங்கள் பெயரில் கடன் எடுத்துத் தம்பிக்குக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். நீங்கள் தவணை தவறினால் உங்களோடு உட்கார்ந்திருக்கிற மற்ற பெண்களுக்கும் அடுத்த கடன் சிக்கலாகும்.

கடனுக்கு வருகிறேன். முதலில் கணவரிடம் முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் வட்டியோடு சேர்த்து அது 3,30,400. இது தெரியாமல் அவர் எடுக்கிற எந்த முடிவும் தப்பாகத்தான் போகும். அப்புறம், வளையலை விற்றுவிடுங்கள். மனசு கேட்காது என்று தெரியும். ஆனால் விலை உச்சத்தில் இருக்கும்போது கடனை அடைக்க 3 பவுனைக் கொடுப்பது, 7 பவுனையும் ஏலத்துக்குக் காத்திருக்க வைப்பதைவிட எவ்வளவோ மேல். கழிவெல்லாம் போகப் பவுனுக்கு 85,000 என்று வைத்தாலும் 2,55,000 வரும். மீதி சுமார் 75,000. அதற்கு ஆரத்தை மட்டும் வங்கியிலோ உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வையுங்கள். அங்கே வட்டி சுமார் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எஸ்ஐபிக்கு என்று ஒதுக்கிய அந்த 3,000ஐ மாதாமாதம் கட்டினால் இரண்டரை வருடத்துக்குள் ஆரம் வீட்டுக்கு வந்துவிடும். மகன் அப்போது பன்னிரண்டாவது முடித்திருப்பான். அதற்குப் பிறகு எஸ்ஐபியைத் தொடங்குங்கள்.

ஒரே நாளில் மீட்டு விற்பதற்குக் கையில் பணம் இருக்காது. தெரிந்த நகைக்கடைக்காரர் நேரில் வந்து பணம் கட்டி மீட்டு, வளையலை எடுத்துக்கொண்டு கணக்கு முடிப்பது நம் பக்கம் நடப்பதுதான். ஆரத்தைக் கையோடு வங்கிக்குக் கொண்டுபோய் வைத்து அவருக்கு மீதியைக் கொடுத்துவிடலாம். எடை, விலை, கழிவு எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், கணவரும் கூட இருக்கட்டும். அடகு நகையை மீட்டு வாங்குகிறோம் என்று போஸ்டர் ஒட்டியிருப்பவர்களைக் கூப்பிட வேண்டாம்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். “நகை இனி இல்லை, மாசம் என் பங்கை மத்தவங்க மாதிரி கொடுத்துடறேன், பெற்றோர் கூட்டத்துக்கு நானே எல்லாரையும் கூப்பிடறேன்” என்று சொல்லுங்கள். கோபப்படுவார், பத்து நாள் பேசாமல்கூட இருப்பார். ஜனவரி 26க்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் என்று நினைக்கிறேன், பிள்ளைகளை விடவரும் பெற்றோர்களை அங்கேயே அரை மணி நேரம் உட்கார வையுங்கள். நோட்டைத் திறந்து முதல் வரியில் உங்கள் மகன் பெயரில் 150 ரூபாய் வரவு எழுதிவிட்டு, அடுத்தவரிடம் கொடுங்கள்.