பழைய பிஹெச்பி கோடைக் கையில் எடுக்கும் முன்

கேள்வி: பத்து வருடப் பழைய பிஹெச்பி பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கிறோம். டெஸ்ட் ஒன்றுகூடக் கிடையாது. கோடை இயக்காமலேயே அதிலுள்ள பிழைகளைத் தேடும் பிஹெச்பிஸ்டான் என்ற கருவியை ஓட்டினால் ஆயிரக்கணக்கில் பிழை காட்டுகிறது. இதை எப்படி ஒரு கோடிங் ஸ்டாண்டர்டுக்குள், அதாவது கோட் எழுதும் பொது விதிகளுக்குள், கொண்டுவருவது?

மொத்தத்தையும் சுத்தம் செய்ய இறங்காதீர்கள். முதல் வேலை, பிழைகள் மேலும் பெருகாமல் நிறுத்துவது. பிஹெச்பிஸ்டானில் பேஸ்லைன் என்றொரு வசதி உண்டு. இன்றிருக்கும் பிழைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, இனி புதிதாக வருவதை மட்டும் சொல்லும். அதைச் சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) சேர்த்து, புதுப் பிழை இருந்தால் அந்த மாற்றம் பொதுக் கோடில் மெர்ஜ் ஆகாதபடி செய்துவிடுங்கள். பழைய பிழை ஒன்றைத் திருத்தினால், அதன் பதிவு பேஸ்லைனில் சும்மா கிடப்பதையும் பிஹெச்பிஸ்டானே காட்டிக்கொடுக்கும். அவசரத்தில் யாராவது புதுப் பிழையையும் பேஸ்லைனுக்குள் தள்ளப் பார்ப்பார்கள். ரிவ்யூவில் அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் டெஸ்ட். எந்தக் கோப்பைத் தொடப்போகிறீர்களோ, அதற்கு மட்டும் முதலில் எழுதுங்கள். கோட் என்ன செய்ய வேண்டும் என்பதை விடுங்கள். இன்று என்ன செய்கிறதோ அதை அப்படியே பதியுங்கள். 10.30 ரூபாய்ப் பொருள்கள் மூன்று, 18 சதவீத ஜிஎஸ்டி. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ரவுண்டு செய்தால் வரி 5.55, மொத்தத்துக்குப் போட்டால் 5.56. உங்கள் கோட் 5.55 தருகிறதா? டெஸ்ட்டிலும் 5.55தான். எது சரி என்பதை அக்கவுண்ட்ஸ் பிரிவிடம் தனியாகக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸ்டாண்டர்டுக்காகக் கோடைத் திருத்தும்போது ஒரு பைசாகூட நகரக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரட்டைச் சமக்குறியை (==) மூன்றாக்குவது (===) வெறும் ஸ்டைல் திருத்தம் போலத் தெரியும். மூன்று குறி, மதிப்போடு தரவு வகையும் ஒன்றா என்று பார்க்கும். ஆனால் டேட்டாபேஸிலிருந்து '1' சரமாக (எழுத்து வகையாக) வந்து, கோட் அதை எண் 1-உடன் ஒப்பிட்டால், நேற்றுவரை பொருந்தியது இன்று பொருந்தாது. கோடைத் தானாகத் திருத்தும் கருவியான பிஹெச்பி சிஎஸ் ஃபிக்ஸரே இந்த விதியை ஆபத்தானது என்று வகைப்படுத்தியிருக்கிறது. டெஸ்ட் இல்லாத கோப்பில் இதைத் தானியங்கியாக ஓட்டவே ஓட்டாதீர்கள்.

இடைவெளி, அடைப்புக்குறி போன்ற பிஎஸ்ஆர்-12 (பிஹெச்பி கோடுக்கான ஒரு பொது ஸ்டைல் விதித்தொகுப்பு) திருத்தங்களைத் தானியங்கியாகவே செய்யலாம். ஆனால் தனி கமிட்டாக (கிட்டில் ஒரு மாற்றப் பதிவு) போடுங்கள். கிட் என்பது கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். 2019-இல் வந்த கிட் 2.23 முதல், அப்படிப்பட்ட கமிட்டுகளை பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் வசதி) தவிர்க்க முடியும். கோடின் ஒரு வரியை உண்மையில் யார், எதற்காக மாற்றினார் என்ற தடம் அழியாது.