ஞானப்பல் எடுக்க மயக்கம் வேண்டுமா, மரப்பு ஊசி போதுமா?

இடுக்கி மலைப்பக்கத்திலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு ஒரு வாய், முக அறுவை மருத்துவரும் ஒரு மயக்க மருத்துவரும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. வலது கீழ்த்தாடையில் ஞானப்பல் படுத்தவாக்கில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் தவிக்கிறாள். குமுளியில் பார்த்த டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டே எடுக்கலாம் என்கிறார். கோட்டயத்தில் விசாரித்த இடத்தில், நாலு பல்லையும் ஒரே நாளில் முழு மயக்கத்தில் எடுத்துவிடலாம் என்றார்கள். ஊசியைப் பார்த்தாலே அவளுக்குக் கை கால் நடுங்கும். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், வண்டிப்பெரியாறு

பதில்: அம்மா, மரப்பு வேறு, மயக்கம் வேறு. இந்த இரண்டும் குழம்பிப்போவதால்தான் பாதி பயம். வலியைத் தடுப்பது மரப்பு ஊசி. லேசான மயக்கம் பயத்தை அடக்கும், வலியை அடக்காது. ஆகவே மயக்கம் கொடுத்தாலும் மரப்பு ஊசி உண்டு. முழு மயக்கத்தில்கூடத் தாடையில் அதைப் போட்டுத்தான் முடிப்போம். கண் விழிக்கும்போது வலி தெரியாமல் இருக்க அது வேண்டும்.

மரப்பு ஊசியில் இருப்பது பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகைன், அதோடு 80,000-க்கு 1 என்ற விகிதத்தில் அட்ரினலின். கீழ்க் கடைவாயின் பின்பக்கம், நரம்பு தாடை எலும்புக்குள் நுழைகிற இடத்துக்கு அருகே போடுவார்கள். ஊசி குத்துவதைவிட மருந்தை வேகமாகத் தள்ளுவதுதான் வலிக்கும். மெதுவாக, ஒரு நிமிடம் எடுத்துப் போடச் சொல்லிக் கேட்கலாம். அதில் தவறே இல்லை. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்து உதடு பாதியும் நாக்கின் பாதியும் தடித்துப்போனதுபோல் இருக்கும். உதடு மரக்கவில்லை என்றால் கத்தி வைக்க விடக்கூடாது. ஒரு கீழ்ப் பல்லுக்கு 2 முதல் 4 மில்லி வரை ஆகும், அதாவது 40 முதல் 80 மி.கி. அட்ரினலின் சேர்ந்த லிக்னோகைனுக்கு உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி. 50 கிலோ எடை என்றால் 350 மி.கி. ஆகவே நடுவில் சுருக்கென்றால் கையைத் தூக்கி இன்னொரு ஊசி கேட்கத் தயங்க வேண்டாம். போட்டதும் இரண்டு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். அது அட்ரினலின் வேலை, ஒவ்வாமை இல்லை.

மரத்த பிறகும் அழுத்தம் தெரியும், சத்தம் கேட்கும். படுத்திருக்கிற பல்லை முழுசாக இழுக்க முடியாது. ஈறை விலக்கி, உப்பு நீர் ஊற்றிக்கொண்டே சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை இரண்டாக வெட்டித் துண்டு துண்டாக எடுப்பார்கள். வெட்டுக்குள் கருவியை வைத்துத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். தாடை உடைந்துவிட்டதென்று பலர் மிரள்வது அந்த நொடியில்தான். உடைவது பல். இதை முன்கூட்டியே மகளிடம் சொல்லி வையுங்கள்.

இனி மயக்கம். மூன்று படிகள் உண்டு.

முதலாவது சிரிப்பு வாயு. நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் கலந்து, மூக்கில் ஒரு சின்ன முகமூடி வழியாகக் கொடுப்பது. பெரும்பாலும் வாயுவின் பங்கு 30 முதல் 50 சதவீதம். ஐந்து நிமிடத்துக்குள் கை கால் இளகி, பயம் தள்ளி நிற்கும். பேசலாம், சொன்னதைச் செய்யலாம். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுப்பார்கள், தலை தெளிந்துவிடும். 1844 டிசம்பரில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் இதே வாயுவை உள்ளிழுத்துத் தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் செய்தார். மயக்கத்தில் அறுவை செய்யும் காலம் பிறக்க அதுவும் ஒரு வாசல். ஒரே சிக்கல், மூக்கால் மூச்சு விட வேண்டும். ஏலக்காய்க் காட்டுப் பனியில் சளி பிடித்து மூக்கடைத்தவருக்கு இது வேலை செய்யாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும், வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவர்களுக்கும் தவிர்ப்போம்.

இரண்டாவது, கையில் கனுலா என்ற சின்னக் குழாய் போட்டு, ரத்தக் குழாய் வழியாக மிடசோலம் என்ற மயக்க மருந்து கொடுப்பது. ஒரேயடியாகச் செலுத்த மாட்டார்கள். 1 மி.கி. கொடுத்துப் பார்த்து, இடைவெளி விட்டு, மறுபடி கொஞ்சம். கண்ணிமை சரிந்து, பேச்சு குழைந்தால் நிறுத்திவிடுவார்கள். இளவயதினருக்குப் பெரும்பாலும் மொத்தம் 2 முதல் 5 மி.கி. போதும். கூப்பிட்டால் கண் திறப்பாள், பிறகு நடந்தது பெரும்பாலும் நினைவிருக்காது. ஊசிக்கு நடுங்குபவர்களுக்கு இதுதான் எங்கள் தேர்வு. மருந்து கொஞ்சம் கூடிவிட்டால் மூச்சு மந்தமாகும். அதனால் பல் எடுப்பவரே மயக்கத்தையும் கவனித்துக்கொள்வதை நாங்கள் ஏற்பதில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஆக்சிஜனும் மிடசோலத்தை முறிக்கும் மருந்தான ஃபுளூமசெனிலும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மயக்கத்தைக் கவனிக்கத் தனியாக ஒருவர் நிற்க வேண்டும். இந்த நாலையும் கேட்டுத் தெரிந்துகொண்டு நாள் குறியுங்கள்.

வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையை முன்கூட்டிப் போட்டுக்கொண்டு போவது மட்டும் கூடாது. அது எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதன்மேல் மிடசோலமும் சேர்ந்தால் ஆபத்து.

மூன்றாவது முழு மயக்கம். ஆபரேஷன் தியேட்டர், மூக்கு வழியாக மூச்சுக் குழாய், முன்னதாக ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் இ.சி.ஜி. விழித்த பிறகு தொண்டை கரகரக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் கசியும். பல் எலும்புக்குள் ஆழமாகப் புதைந்திருந்தால், கடுமையான சீழ்க்கட்டு இருந்தால், லேசான மயக்கத்திலும் அடங்காத பயம் என்றால், இந்த வழி சரி.

உங்கள் மகளுக்கு முதலில் முழுத் தாடையும் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுங்கள். தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாயை வேர் தொடுவதுபோல் தெரிந்தால், முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் ஒன்று. தொடவில்லை என்றால், தொல்லை தரும் அந்த ஒரு பல்லை மரப்பு ஊசியோடு மிடசோலமோ சிரிப்பு வாயுவோ கொடுத்து எடுக்கலாம். சும்மா இருக்கிற மற்ற மூன்றையும் 'மயக்கம் கொடுக்கிறோமே, அதோடு சேர்த்து' என்று எடுப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஒருவேளை எடுக்க வேண்டி வந்தாலும் நேராக முளைத்த மேல் ஞானப்பல் பெரும்பாலும் மரப்பு ஊசியிலேயே சில நிமிடத்தில் வந்துவிடும்.

இன்னொன்று. மலையாளத்தில் 'மரவிப்பிச்சு' என்று சொன்னால் மரப்பு ஊசி. 'மயக்கி' என்று சொன்னால் இரண்டாவதாகவும் இருக்கலாம், மூன்றாவதாகவும் இருக்கலாம். 'செடேஷனா, ஜி.ஏ.யா?' என்று கேட்டுவிடுங்கள். செடேஷன் என்றால் லேசான மயக்கம், ஜி.ஏ. என்றால் முழு மயக்கம். சம்மதபத்திரம் மலையாளத்தில் இருந்தால், தமிழ் தெரிந்த ஒருவரை வாசித்துக் காட்டச் சொன்ன பிறகு மகள் கையெழுத்துப் போடட்டும்.

கேள்வி: கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறேன். வயது 36. பத்து வருஷமாகப் பாக்கும் புகையிலையும் போடுகிறேன். ஞானப்பல் சொத்தை. வாய் முன்னைப்போல் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது. மயக்கத்தில் எடுத்துவிட்டு மறுநாள் காலை வண்டி எடுக்கலாமா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: தம்பி, பல்லை விட்டுவிட்டு வாயைப் பார்க்கச் சொல்கிறோம். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். மூன்றும் போனால் சரி. இரண்டோடு நின்றால், கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் கயிறுபோல் தட்டுப்பட்டால், அது பாக்கால் வரும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸாக இருக்கலாம். நாளடைவில் புற்றாக மாற வாய்ப்புள்ள நோய் அது. இந்த வாரமே பல் மருத்துவக் கல்லூரியிலோ அரசு மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவிலோ காட்டுங்கள். கோட்டயத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தேனி அரசு மருத்துவமனை க.விலக்கில். பாக்கையும் புகையிலையையும் இன்றே நிறுத்த வேண்டும்.

மயக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், மயக்கத்தில் மூச்சு மந்தமானால் வாயைத் திறந்து குழாய் வைத்துக் காப்பாற்ற வேண்டும். திறக்காத வாயில் அது முடியாது. எனவே சின்ன கிளினிக்கில் உங்களுக்கு மிடசோலம் வேண்டாம். வாயை மூடியபடியே போடக்கூடிய அகினோசி முறை மரப்பு ஊசி இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள். முழு மயக்கம்தான் வழி என்றால், வளையும் கேமராக் குழாயை மூக்கு வழியாக விழித்திருக்கும்போதே இறக்கப் பழகிய மயக்க மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனையில் மட்டும். தினமும் மது குடிக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். மருந்தின் அளவே மாறிவிடும்.

வண்டி விஷயம்: வெறும் மரப்பு ஊசி என்றால் அன்று ஓய்வு, வலி அடங்கி முழு கவனம் வந்ததும் ஓட்டலாம். மிடசோலமோ முழு மயக்கமோ என்றால் குறைந்தது 24 மணி நேரம் ஸ்டியரிங் தொடக்கூடாது. பத்திரத்தில் கையெழுத்தும் போடக்கூடாது. தெளிந்துவிட்டதாக உங்களுக்கே தோன்றும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதிக்கும் கால் ஒரு நொடி தாமதிக்கும். ஜீப்பில் இருப்பது பத்துப் பேர்.

கேள்வி: வயது 58. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் டபாகிளிஃப்ளோசினும், ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறேன். பல் எடுக்கும் முன் எதை நிறுத்த வேண்டும்?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் இரண்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஐயா. ஈறில் ரத்தம் கசிந்தால் தையல் போட்டு, டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆகியிருந்தால் பல்லைத் தள்ளிப்போட முடியுமா என்று அவரே சொல்வார்.

மரப்பு ஊசி மட்டும் என்றால் வழக்கமான காலைச் சாப்பாடு, வழக்கமான மாத்திரை, காலை முதல் ஆளாகப் போய்விடுங்கள். பட்டினியாகப் போய் நாற்காலியில் சர்க்கரை இறங்கி மயங்குவதுதான் நாங்கள் அதிகம் பார்ப்பது. முழு மயக்கம் என்றால் கணக்கு வேறு: லேசான சாப்பாடும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன், எண்ணெயில் பொரித்ததும் கறியும் 8 மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பால் விட்ட டீ தண்ணீர்க் கணக்கில் வராது. டபாகிளிஃப்ளோசினை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு அது சேர்ந்தால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும். சர்க்கரை டாக்டரிடம் கேட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நிற்பதாக வீட்டில் சொன்னால் மயக்க மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். ஊசி போட்டால் பாலை நிறுத்த வேண்டுமா?
– ஒரு வாசகி, பீர்மேடு

பதில்: மரப்பு ஊசிக்கு வேண்டாம். ஒரு முறை கொடுக்கும் மிடசோலத்துக்கும், நீங்கள் நன்றாகத் தெளிந்து எழுந்து உட்கார்ந்ததும் பால் கொடுக்கலாம். கறந்து கொட்ட வேண்டியதில்லை. அன்று இரவு குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள், தொட்டிலில் விடுங்கள். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கன்னம் வீங்கிப் போனேன். எடுக்காமல், ஐந்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏன்?
– ஒரு வாசகர், நெடுங்கண்டம்

பதில்: சீழ் உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும், அங்கே லிக்னோகைன் சரியாக வேலை செய்யாது. வாயும் திறக்காது. வீக்கம் வடிந்த பிறகு எடுப்பது நல்ல முடிவு. மாத்திரையில் மெட்ரோனிடசோல் இருந்தால் மது அறவே கூடாது. ஆனால் வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினால், நாக்கு மேலே தூக்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு முட்டினால், ஐந்து நாளெல்லாம் பார்க்கக்கூடாது. அந்த மணியிலேயே பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவு.

கேள்வி: எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும்? என் அண்ணனுக்கு மூன்றாம் நாள் காது வரை வலி வந்து துடித்தார்.
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: உங்கள் அண்ணனுக்கு வந்தது உலர் குழியாக இருக்கலாம். பல் இருந்த பள்ளத்தில் உறைந்த ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பிய்த்துக்கொண்டு வந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் வலி திடீரென்று ஏறும், கெட்ட நாற்றம் வரும். வலி மாத்திரை பிடிக்காது. குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் வாசம் வீசும் மருந்துத் துணி வைத்தால் சீக்கிரமே வலி இறங்கிவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும்.

அந்த மூடியைக் காப்பாற்ற: பஞ்சை 45 நிமிடம் அசையாமல் கடித்திருங்கள், சும்மா சும்மா எடுத்துப் பார்க்காதீர்கள். முதல் 24 மணி நேரம் துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். கன்னத்தில் ஐஸ் 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் எடுங்கள், முதல் நாள் மட்டும். ஆறிய கஞ்சி, மோர், குழைந்த சாதம். சூடான கட்டன் சாயா (பால் விடாத டீ) வேண்டாம். மரப்பு விலகும் வரை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்க்கவும். இரண்டாம் நாள் முதல் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, தலையைச் சாய்த்து மெதுவாக அலசுங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். அதைக் கண்டு மிரள வேண்டாம். நாலாம் நாளும் கூடினால், காய்ச்சல் வந்தால், மறுநாளும் உதட்டு மரப்பு விலகாவிட்டால் காட்டுங்கள்.

மயக்கம் எடுத்துக்கொண்டவர் கூட ஒருவர் இல்லாமல் வீடு திரும்பக்கூடாது. லோயர் கேம்ப் இறக்கத்திலும் குட்டிக்கானம் இறக்கத்திலும் பஸ்ஸில் வந்தால் வாந்தி வரும். வாந்தியின் வேகத்தில் ரத்தக்கட்டி பிய்த்துக்கொள்ளும். காரில் முன் சீட்டில் தலையைச் சாய்த்து வைத்து, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அல்லது அன்று இரவு அடிவாரத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். நாள் குறிக்கும்போது திங்கள், செவ்வாய் கேளுங்கள். வலி ஏறக்கூடிய மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், துணி வைக்க மலையில் டாக்டர் கிடைப்பது கஷ்டம்.