டாப்ஸ்லிப் காட்டு நடை: கேட்டதும் சொன்னதும்

ஆனைமலை, டாப்ஸ்லிப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, அங்கே தேக்கெல்லாம் கயிறு பிடித்த மாதிரி வரிசையாக நிற்கிறதே, காடு அப்படியா இருக்கும்?

இருக்காது தம்பி, அது நட்ட காடு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இந்த மலைத் தேக்கு பம்பாய்க்குக் கப்பல் கட்டப் போனது. வெட்டித் தீர்த்த பிறகுதான் நடவு. வரிசையை விட அடிமரத்தைப் பாருங்க. ஒரே தூரிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் கிளம்பி, அடியில் லேசாக வளைந்து, அப்புறம் நேராக ஏறியிருந்தால் அது பெரும்பாலும் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்தது. கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதே கணக்குதான்.

கேள்வி: ஹியூகோ வுட் கல்லறையைக் காட்டினார்கள். யார் சார் அவர்?

வெள்ளைக்கார வன அதிகாரி, 1933இல் இறந்தார். மரத்தைத் தூரோடு எடுக்காமல், துளிர்க்கக் கட்டையை விட்டு வெட்டும் முறையை இங்கே கொண்டுவந்தவர். கைத்தடியால் குழி குத்தி, கோட்டுப் பையிலிருந்த தேக்கு விதையைப் போட்டபடியே நடப்பார் என்பார்கள். 'நினைவுச்சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார்' என்ற பொருளில் கல்லறையில் ஒரு லத்தீன் வரி இருக்கிறது. ஆனால் மொத்தக் காட்டையும் ஒருத்தர் கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. யானைகளை நடத்திய மலசர் பழங்குடி மக்களைப் பற்றியும் வழிகாட்டியிடம் கேளுங்க. கோழிகமுத்தி யானை முகாமில் இன்றைக்கும் பாகன்கள் பலர் அவர்கள்தான்.

கேள்வி: ரோடு இல்லாத காலத்தில் மரத்தை எப்படி இறக்கினார்கள்?

யானை இழுத்து மலை விளிம்புக்குக் கொண்டுவரும். அங்கிருந்து சரிவில் தள்ளிவிடுவார்கள். ஊர்ப் பெயரே அப்படி வந்ததுதான்.

கேள்வி: வழியெல்லாம் உண்ணிச்செடி, பூ அழகாக இருக்கிறதே?

அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த செடிதானே அக்கா, இருக்காதா! மரம் வெட்டி வெயில் விழுந்த இடத்தில்தான் அது கும்மென்று பிடிக்கும்.

கேள்வி: அப்போ பழைய காடே மிச்சமில்லையா?

கரியன் சோலை இருக்கிறது. தேக்கைத் தாண்டி உள்ளே போனதும் வெளிச்சம் சட்டென்று குறையும். மரங்கள் வரிசையில் நிற்காது, கொடி பின்னிக் கிடக்கும். கருமந்தி சத்தம் கேட்டால் நின்று அண்ணாந்து பாருங்க. மழைக்காலம் என்றால் அட்டை ஏறும், உப்பு கையில் இருக்கட்டும். இது புலிகள் காப்பகம், வனத்துறை ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது. கோடையில் தீ பயத்தில் நடையை நிறுத்திவிடுவதும் உண்டு. சரி, சேத்துமடை செக்போஸ்ட் வரை வந்து திரும்பாமல் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்க.