"இதெல்லாம் யாருக்குக் காட்ட?"

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 45. கும்பகோணத்துக்கு அருகே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பால் காலமானார். நானும் என் மாமியாரும் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனும் ஒரே வீட்டில் வசிக்கிறோம்.

கணவர் இறந்து சில மாதங்கள் கழித்துத்தான், நண்பர் ஒருவருடைய கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தது எனக்குத் தெரியவந்தது. அந்தக் கடனை இன்றும் என் சம்பளத்திலிருந்து அடைத்துவருகிறேன். இதைப் பற்றி யாரிடமும் வாய்விட்டுப் பேச முடியவில்லை. போன ஆண்டு ஒருநாள் இரவு, மகனுடைய பழைய நோட்டு ஒன்றில் மீதமிருந்த தாள்களில் எழுதத் தொடங்கினேன். துக்கத்தைத்தான் எழுதப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். எழுத எழுத வந்ததோ கோபம். "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்ற வரியை எத்தனை பக்கங்களில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. எழுதிய இரவுகளில் தூக்கம் வருவதில்லை. எழுதாத இரவுகளில் நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. அந்த நோட்டு மகன் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன்.

அதே நாட்களில்தான் கறுப்புப் பேனாவால் படம் வரையவும் ஆரம்பித்தேன். எனக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. சிறுவயதில் மார்கழி மாதம் முழுக்கச் சிக்குக் கோலம் போட்ட பழக்கம் மட்டும் உண்டு. பள்ளியில் ஒரு தோழி பார்த்துவிட்டு இன்ஸ்டாகிராமில் போடச் சொன்னார். கோபுரம் ஒன்றை வரைந்து போட்டபோது முன்பின் தெரியாதவர்கள்கூடப் பாராட்டினார்கள். பிறகு, கொடியில் காயும் கணவருடைய சட்டைகளை நினைவிலிருந்து வரைந்து போட்டேன். அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அன்று முதல் கோபுரங்களையே வரைந்துகொண்டிருக்கிறேன், அவற்றை வரைவதில் இப்போது மகிழ்ச்சி இல்லை. அந்த வாரத்தில்தான் மகனும், "அம்மா, இதையெல்லாம் என் ஃபிரெண்ட்ஸ் பார்க்குறாங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றான்.

மூன்றாவது விஷயத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இத்தனை நாளும் வெளிர் நிறச் சேலைகளை மட்டுமே கட்டிவந்த நான், தீபாவளிக்கு அரக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒன்று எடுத்தேன். பொட்டும் வைத்துக்கொள்கிறேன். என் மாமியார் தம் கணவர் மறைந்த நாளிலிருந்து வெள்ளை உடுத்துபவர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாருக்குக் காட்ட?" என்று ஒரே கேள்வி கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எழுத்து, படம், சேலை என்று நான் செய்வதெல்லாம் என் மனத்தின் வெளிப்பாடுதானா, அல்லது பிறர் கவனத்துக்காக ஏங்குகிறேனா? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? தோழியோ, "எதையும் மறைக்காதே, எழுதியதைக்கூட வெளியிடு, அப்போதுதான் விடுதலை" என்கிறார். வழிகாட்டுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாருடைய கேள்வி உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. ஆனாலும் அதை நான் ஒதுக்கிவிடப் போவதில்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருக்கும் சிக்கல்கள் அத்தனைக்கும் அதுவே சரியான கேள்வி. மூன்று காரியங்களுக்கும் சேர்த்து அதற்கு ஒரே பதிலைத் தேடியதால்தான் நீங்கள் திணறியிருக்கிறீர்கள். நோட்டு உங்களைத் தவிர வேறு யாருக்கும் உரியது அல்ல. படங்களில் எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் வைத்துக்கொள்வது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். உடையில் அந்த வசதி கிடையாது. தெருவில் இறங்கியதும் அதை எல்லோரும் பார்க்கத்தான் செய்வார்கள். மெக்சிகோவின் ஓவியர் ஃப்ரீடா காலோ இந்த மூன்றையுமே செய்தவர். தம் ஓவியங்களை அவர் வாழ்நாளிலேயே கண்காட்சியில் வைத்தார். கடைசிப் பத்தாண்டுகளில் படமும் எழுத்துமாக அவர் நிரப்பிய நாட்குறிப்பு, 1954இல் அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1995இல்தான் அச்சில் வந்தது. அவர் வழக்கமாக உடுத்திய, தெஹுவானா என்ற மெக்சிகோ மரபு உடையின் நீளப் பாவாடையை ஊரே பார்த்தது. இளம்பிள்ளைவாதத்தால் மெலிந்துபோன காலை மறைத்ததும் அதே பாவாடைதான். ஒரே பெண், மூன்று வெளிப்பாடுகள், மூன்றுக்கும் வெவ்வேறு அளவுத் திறப்பு.

ஆகவே உங்கள் தோழியின் யோசனையை நான் ஏற்கவில்லை. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் மறைக்காமல் இருப்பதுதான் உண்மையாக இருப்பது என்ற எண்ணம் பலரை அவர்கள் தயாராகும் முன்பே வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. குழந்தைநல மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கிய இங்கிலாந்தின் டொனால்ட் வினிகாட், ஒவ்வொரு மனிதருக்குள்ளும் பிறர் எட்டக் கூடாத ஓர் உள்ளிடம் உண்டு என்று 1963இல் எழுதினார். பிறரோடு பேச வேண்டும் என்ற தவிப்பும், தம்மை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற அதைவிடப் பெரிய தவிப்பும் கலைஞர்களிடம் சேர்ந்தே இருப்பதாக அவர் கருதினார். நீங்கள் நோட்டை மறைத்து வைப்பது கோழைத்தனம் அன்று. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைப்பதற்குப் பதில் பூட்டுள்ள ஒரு பெட்டியில் வையுங்கள் என்பேன், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தோடு எழுதும் வரிகளில் பாதிக் கவனம் வாசலிலேயே நின்றுவிடும்.

இனி அந்தக் கோபம். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தக் கட்டுப்பாடு துக்க வீட்டின் கூடத்துக்குப் பொருந்தும். துக்கப்படுபவருடைய மனத்துக்கும் அதையே விதித்தால், கோபம் போவதற்கு இடமில்லாமல் உடம்பில் தங்கிவிடும். உங்களைக் கேட்காமல் போட்ட ஒரு கையெழுத்துக்காக நீங்கள் மாதம்தோறும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குக் கோபப்படுவதால் அவர்மீதான அன்பு பொய்யாகிவிடாது. எழுதிய இரவில் தூக்கம் கெடுவதும் எதிர்பாராத ஒன்று அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை வருத்திய அனுபவங்களை எழுதினார்கள். நடந்ததையும் அதையொட்டிய உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனச்சோர்வு கூடவே செய்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரைப் பார்க்கச் சென்றது குறைந்திருந்தது. இதைக் கேட்டதும் எழுத்தை மருந்தாக எண்ணிவிட வேண்டாம். அதன் பிறகு வந்த 146 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2006இல் பார்த்தபோது, பலன் இருப்பது உறுதியானாலும் அது சிறிய பலன்தான் என்று தெரிந்தது.

அந்த ஆய்வுகளில் நீங்கள் கவனிக்க வேண்டியது எழுத்துக்கு அவர்கள் வைத்த கால அளவு. நீங்கள் படுக்கப்போகும் நேரத்தில், கைவலிக்கும் வரை எழுதுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மாலையில் பள்ளியிலிருந்து வந்த பிறகு, இருபது நிமிடத்துக்கு மிகாமல் எழுதி, மூடி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். மேலும், ஒரே வரி பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வருவதென்றால், எழுத்து அந்த இடத்தில் நகராமல் நின்றுவிட்டது என்று பொருள். அதே வரியை மறுபடி எழுதாமல் கேள்வியை மாற்றிப் பாருங்கள்: கையெழுத்துப் போட்ட அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது எப்படி இருந்தார்? உங்களிடம் சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்று பயந்திருப்பார்? இன்று உங்கள் முன் உட்கார்ந்திருந்தால் அவரால் என்ன சொல்ல முடியும்? அவரை மன்னிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் உரிமை. கதையில் இதுவரை நீங்கள் பார்க்காத பக்கத்தை எழுதும்போதுதான் மனம் கொஞ்சம் நகரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களிடம் பேனாவின் இன்னொரு பழக்கமும் இருக்கிறதே! ரவீந்திரநாத் தாகூர் தம் கையெழுத்துப் பிரதிகளில் அடித்துத் திருத்திய சொற்களின் மேலேயே கோடுகளை இழுத்து இழுத்து அவற்றைப் பறவைகளாகவும் விசித்திர உருவங்களாகவும் மாற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் அவர் ஓவியரானது அந்தக் கோடுகளிலிருந்துதான். உங்கள் நோட்டிலும் அந்த வரி மறுபடி வரும்போது அதை அடித்துவிட்டு, அடித்த கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். சிக்குக் கோலம் போட்ட கைக்கு இது கடினமாக இருக்காது.

படத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை ஒரு பழைய ஆய்வு அப்படியே விளக்குகிறது. 1973இல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் படம் வரைவதில் ஆர்வமுள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவினரிடம் மட்டும், "வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்னதாகவே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே பரிசைப் பெற்ற பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆக, பாராட்டு தானாக வந்ததால் உங்களுக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை. அதை முன்கூட்டியே எண்ணிக்கொண்டு பேனாவைத் திறந்ததுதான் கோபுரங்களைச் சலிக்க வைத்துவிட்டது. இன்ஸ்டாகிராம் கணக்கை மூட வேண்டாம். இன்று வரைந்ததை இன்றே போடாமல், ஒரு மாதமாவது உங்களிடம் வைத்திருந்து, அதன் பிறகும் காட்டத் தோன்றுகிறவற்றை மட்டும் போடுங்கள். (என்னைக் கேட்டால், உங்கள் கோபுரங்களைவிட அந்தச் சட்டைகளைத்தான் நான் பார்க்க விரும்புவேன்.)

மகன் விஷயத்தில் ஒன்றை நீங்களே எழுதிவிட்டு, அதைக் கவனிக்காமல் கடந்துபோயிருக்கிறீர்கள். கோபுரங்கள் வந்தபோது அவன் எதுவும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அப்பாவின் சட்டைகளை வரைந்து போட்ட வாரத்தில்தான் "ஒரு மாதிரியா இருக்கு" என்றிருக்கிறான். அது வெட்கம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். துக்கமாகவும் இருக்கலாம் அல்லவா? அந்தச் சட்டைகள் அவனுக்கும் உரியவை. அவனுடைய நண்பர்கள் அவற்றை விரலால் தள்ளிவிட்டுப் போவதை அவன் தாங்கமாட்டாமல் இருந்திருக்கலாம். என் ஊகம் தவறாகவும் இருக்கக்கூடும். அந்தப் படத்தின் தாளையே அவன் கையில் கொடுத்து, எது உறுத்தியது என்று கேளுங்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் பொதுவான நினைவுகளை வெளியிடும் முன் அவனைக் கேட்பது என்று இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆனால் தாய் படம் வரைவதையே நிறுத்த வேண்டும் என்று கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை.

கடைசியாகச் சேலை. கவனத்துக்காக ஏங்குகிறேனா என்று குற்றவாளிக் கூண்டில் நின்று கேட்பது போலக் கேட்டிருக்கிறீர்கள். பிறர் கண்ணில் படவேண்டும் என்ற ஆசை நோய் அல்ல. மணமாகாத பெண்ணுக்கும் சுமங்கலிக்கும் இயல்பாக அனுமதிக்கப்படும் அந்த ஆசை, கணவனை இழந்தவளிடம் மட்டும் விசாரணைக்கு உள்ளாகிறது, அவ்வளவுதான். அரக்குச் சேலை கட்டுவதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆனால் மாமியார் இழந்தது தம் மகனை என்பதை மறந்துவிட வேண்டாம். அந்த நிறத்தைப் பார்க்கையில், தம் மகனுக்கான துக்கம் இந்த வீட்டில் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். தவிர, தமக்கு ஒருபோதும் கிடைக்காத ஒன்றை மருமகள் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும் வலியும் அதில் இருக்கக்கூடும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். "அத்தை, அவரை நான் மறந்துட்டேன்னு நினைக்கிறீங்களா?" என்று நீங்களே ஆரம்பித்தால், பேச்சு சேலையை விட்டு உரிய இடத்துக்கு வரும். அதற்கு அவர் இணங்காமலும் போகலாம். அப்போதும் சேலையைப் பெட்டியில் திருப்பி வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. எழுதும் நேரத்தை மாற்றிய பிறகும் தூக்கமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, பசி குறைந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நேரில் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்கும் வரை நோட்டைத் திறக்க வேண்டாம், படம் மட்டும் வரையுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்