பால் வற்றிய எருமையைக் கறிக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: மணலி புதுநகரில் ஆறு எருமை வைத்திருக்கிறேன். பகலில் கொசஸ்தலை ஆற்றோரம் மற்றவர்கள் மாடுகளோடு மேய்ச்சல். கூட்டத்தில் எருமைக் கிடாவும் உண்டு. மூன்றாம் ஈற்று எருமை இரண்டும் பால் வற்றி நான்கு மாதம் ஆகிறது. பருவத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. வியாபாரி கறிக்கு ஒன்று 34,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கன்றோடு வேறு எருமை பிடிக்க 85,000 ஆகும். தீவனச் செலவு தாங்கவில்லை. கொடுத்துவிடலாமா?

பதில்: சினை பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. கிடா கூடவே திரியும்போது இரண்டும் வெறும் வயிறாக இருக்கும் என்று எப்படிச் சொல்வது? எருமைக்குப் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் பருவம் வரும். பசுவைப் போல ஊரைக் கூட்டிக் கத்தாது. விடியலில் படுத்திருக்கும்போது பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி போல வழும்பு ஒழுகுவதும், அடிக்கடி மூத்திரம் விடுவதும்தான் அடையாளம். அந்த நேரத்தில் கொட்டகையில் ஆள் இல்லையென்றால் தெரியவே தெரியாது. பருவம் வராததற்குச் சினை பிடித்ததே காரணமாக இருக்கலாம். பால் வற்றியதும் அதனால் இருக்கலாம். வெயில் மாதங்களில் எருமைக்குப் பருவம் மங்கிப் போவதும் வழக்கம்தான். அதை வைத்து மலடு என்று முடிவு கட்டக் கூடாது.

உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகத்திலேயே ஆசனவாய் வழியாகக் கைவிட்டுச் சினை பார்ப்பார்கள். கிடா சேர்ந்து 60 நாள் கடந்திருந்தால் உறுதியாகச் சொல்லலாம். கவனம் வேண்டியது ஐந்து, ஆறு மாதச் சினையில். அப்போது கருப்பை கனத்து வயிற்றுக்குள் இறங்கிவிடும். கன்று கைக்கு எட்டாது. அவசரத்தில் பார்ப்பவர் 'ஒன்றும் இல்லை' என்று கையை எடுத்துவிடுவார். கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சினையென்றால் அது தடித்து, ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடுவது போல விரலில் அதிரும். கருப்பைச் சுவரில் பொத்தான் போன்ற முடிச்சுகளும் தட்டுப்படும். இல்லை என்று சொன்னால், 'அந்த அதிர்வு இருக்கிறதா, பார்த்தீர்களா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓட்டிப் போங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: சினை பார்ப்பதற்கு முன் பருவத்தைக் கொண்டுவரும் ஊசி போட விடாதீர்கள். சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்து கன்று வீசிவிடும்.

இப்போது கணக்கு. ஆறு மாதச் சினை என்று வைத்துக்கொள்வோம். எருமைச் சினைக் காலம் ஏறக்குறைய 310 நாள். மிச்சம் 130 நாள். மேய்ச்சல் போக வைக்கோல், தவிடு, அடர் தீவனம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 200 ரூபாய் என்றால் 26,000. கறிக்குக் கொடுத்துவிட்டு வேறு எருமை பிடித்தால் 34,000 போக இன்னும் 51,000 கையிலிருந்து போடவேண்டும். ஒரு எருமைக்கு 25,000, இரண்டுக்கு 50,000 நஷ்டம். வாங்கும் எருமைக்கும் கன்று இருக்குமே என்பீர்கள். இருக்கும். ஆனால் அதன் மடி எப்படி, உதைக்குமா, கருச்சிதைவு நோய் ஒட்டியிருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரியாது. உங்கள் எருமையை நீங்கள் மூன்று ஈற்று கறந்திருக்கிறீர்கள்.

கையில் பணமே இல்லை என்றாலும் சினைச் சான்றோடு வளர்ப்பவருக்கு விற்றுவிடுங்கள். கறி விலையைவிடக் கூடுதலாகவே வரும்.

அறுப்பவருக்கும் இதில் லாபமில்லை. வியாபாரி கண்ணால் எடை போட்டுத் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார். எட்டு மாதச் சினையில் கன்று, பனிக்குட நீர், நச்சுக்கொடி எல்லாம் சேர்ந்தே பெரும் எடை வரும். அதில் ஒரு கிலோகூடக் கறி ஆகாது. கருச்சிதைவு நோய் இருந்தால் அந்த நீரிலிருந்து அறுப்பவர் உடம்புக்கும் தொற்றும்.

சட்டமும் இடம் தராது. 2001 இறைச்சிக்கூட விதிப்படி சினை மாட்டையும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்று உள்ள தாயையும் அறுக்கக் கூடாது. தமிழ்நாட்டின் 1958 சட்டப்படி எருமையை அறுக்கச் சான்று வேண்டும்: 10 வயது கடந்து, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாததாக இருக்கவேண்டும்; இல்லையென்றால் காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போயிருக்கவேண்டும். மூன்றாம் ஈற்று எருமை வழக்கமாகப் பத்து வயதைத் தொட்டிருக்காது.

இரண்டும் வெறும் வயிறுதான் என்று உறுதியானாலும் உடனே விற்க வேண்டாம். குடற்புழு மருந்து கொடுத்து, தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம் வைத்து, கருப்பையில் புண், சீழ் உண்டா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பல எருமைகள் பருவத்துக்குத் திரும்பும். அப்போதும் தேறாத மாட்டைச் சான்று கிடைத்தால் கொடுக்கலாம்.

சினை என்று வந்தால் ஏழாம் மாதம் வரை நாளுக்கு 2 கிலோ அடர் தீவனம் போதும். கன்றின் எடை பெரும்பகுதி ஏறுவது கடைசி மூன்று மாதத்தில்தான். எட்டாம் மாதம் முதல் இன்னொரு கிலோ கூட்டுங்கள். வழுக்கும் ஆற்றங்கரைக்கு ஓட்டாமல் கொட்டகையிலேயே கட்டி வையுங்கள்.